தண்டு இறங்கினால் உலை ஏன் அடங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஒரு அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளக்கிறது; இடையில் ஒரு உறிஞ்சி அதை விழுங்கிவிட்டால் இந்தத் தொடர்வினை அடங்கும். அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகள், அவற்றில் இருக்கும் நியூட்ரான் உறிஞ்சிகள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: காட்மியம்-113 நியூட்ரானை உறிஞ்சும் பரப்பு 20,600 பார்ன், போரான்-10-க்கு வெறும் 3,840 பார்ன் என்று அட்டவணை சொல்கிறது. கடோலினியம்-157-க்கோ இரண்டரை லட்சத்துக்கும் மேல். பிறகு ஏன் எல்லோரும் போரானையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

பதில்: பார்ன் என்பது ஒரு அணுக்கரு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பை அளக்கும் அலகு. நீங்கள் பார்த்த எண்கள் 0.0253 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானுக்கானவை. அதாவது, சுற்றியுள்ள பொருளோடு மோதி மோதி அறை வெப்பநிலைக்கு அடங்கிவிட்ட நியூட்ரான். உலைக்குள் இருப்பவை எல்லாம் அப்படி அடங்கியவை அல்ல. பிளவில் பிறக்கும்போது அவற்றின் ஆற்றல் பத்து லட்சக்கணக்கான எலெக்ட்ரான் வோல்ட். அங்கிருந்து படிப்படியாக இறங்கி வருகின்றன.

காட்மியம் சுமார் 0.5 எலெக்ட்ரான் வோல்ட் வரைக்கும் வருவதையெல்லாம் விழுங்கும். அதற்கு மேலே போனால் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. போரான் அப்படித் திடீரென்று கைவிடாது. நியூட்ரானின் வேகம் கூடும் அளவுக்கு அதன் பிடி சீராகக் குறையும், அவ்வளவுதான். போரான்-10-இன் பரப்பு 1 எலெக்ட்ரான் வோல்ட்டில் சுமார் 610 பார்ன், 100 எலெக்ட்ரான் வோல்ட்டில் சுமார் 61 பார்ன். இயற்கைக் காட்மியத்தில் 113 என்ற ஐசோடோப் 12 சதவீதம்தான். இயற்கைப் போரானில் போரான்-10 கிட்டத்தட்ட 20 சதவீதம். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை, வெப்பம். காட்மியம் 321 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அழுத்த நீர் உலையில் (தண்ணீரைக் கொதிக்க விடாமல் உயர் அழுத்தத்தில் வைக்கும் வகை) தண்ணீரே 290-லிருந்து 325 டிகிரி வரை இருக்கிறது. தனிக் காட்மியத்தை அங்கே எப்படி வைப்பது? கனநீர் உலைகளில் கதை வேறு. அங்கே தணிப்பானாக, அதாவது நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருளாக, இருக்கும் கனநீர் தனித் தொட்டியில், குறைந்த அழுத்தத்தில், ஏறத்தாழ 70 டிகிரியில் இருக்கிறது. ஆகவே துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கு நடுவே காட்மியத்தை வைத்து மூடிய நிறுத்தத் தண்டுகள் அங்கே இன்றும் வேலை செய்கின்றன.

அழுத்த நீர் உலைக்காரர்கள் கண்டுபிடித்த வழி 80 சதவீதம் வெள்ளி, 15 சதவீதம் இண்டியம், 5 சதவீதம் காட்மியம் கலந்த உலோகக் கலவை. அடங்கிய நியூட்ரானைக் காட்மியம் பிடிக்கும். 1.46 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வருவதை இண்டியமும், 5.2-ஐ ஒட்டி வருவதை வெள்ளியும் பிடிக்கும். காட்மியம் கண்டுகொள்ளாமல் விட்ட இடத்தை மற்ற இரண்டும் அடைக்கின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் இந்தக் கலவை சுமார் 800 டிகிரியிலேயே உருகும். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் தண்ணீர் மட்டம் இறங்கி எரிபொருள் சூடேறியபோது, யுரேனியம் ஆக்சைடு உருகுவதற்கு வெகு முன்பே தண்டுகளின் உலோகம் உருகி ஒழுகிவிட்டது.

எங்கள் பார்வையில், பார்ன் எண்ணை வைத்து உறிஞ்சியைத் தேர்ந்தெடுப்பது பாதிக் கணக்குதான். நியூட்ரானை வாங்கிக்கொண்ட அணு அடுத்து என்னவாக மாறுகிறது என்பது மீதிப் பாதி. கீழே வரும் பல கேள்விகளும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கின்றன.

கேள்வி: ஒரு மில்லிமீட்டர் காட்மியத் தகடே போதும் என்கிறார்கள். அப்படியானால் தண்டை ஏன் விரல் தடிமனுக்குச் செய்ய வேண்டும்?

பதில்: கணக்குச் சரிதான். அடங்கிய நியூட்ரான் காட்மியத்துக்குள் சராசரியாக 0.09 மில்லிமீட்டர்தான் போகும். இயற்கைப் போரானால் செய்த போரான் கார்பைடில் 0.12 மில்லிமீட்டர். ஹாஃப்னியத்தில் சுமார் 2 மில்லிமீட்டர். ஆக, 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள போரான் கார்பைடு வில்லையில் ஆரம்பத்தில் வேலை பார்ப்பது மேல் தோல் மட்டுமே.

உள்ளே இருப்பது வீண் அல்ல. மேல் தோலில் உள்ள போரான்-10 தீர்ந்தபின் அடுத்த அடுக்கு பொறுப்பேற்கிறது. ஆற்றல் கூடிய நியூட்ரான்கள் உள்ளேயும் போய்ச் சிக்குகின்றன. ஆனாலும், ஒரே அளவு பொருளை ஒரு தடித்த தூணாக வைப்பதைவிடப் பல மெல்லிய விரல்களாகப் பிரித்து வைத்தால் மேற்பரப்பு கூடும், வேலையும் கூடும். அழுத்த நீர் உலையில் பரவலாக இருக்கும் 17×17 எரிபொருள் கட்டில் 264 எரிபொருள் குச்சிகளுக்கு இடையே 24 வழிகாட்டுக் குழாய்கள் இருக்கும்; ஒரே தலையில் மாட்டிய 24 விரல்கள் அவற்றுக்குள் இறங்கும்.

மின்சாரம் நின்றால் மேலே உள்ள காந்தப் பிடி விடும். விரல்கள் தம் எடையாலேயே ஏறத்தாழ 2 வினாடியில் கீழே வந்துவிடும். குழாயின் அடிப்பகுதியைச் சற்றுக் குறுக்கி வைத்திருப்பார்கள். அங்கே அடைபடும் தண்ணீர் மெத்தை போலத் தாங்கி வேகத்தைக் குறைக்கும். அந்தக் குறுகலான இடத்தில்தான் தகராறும் வரும். நீண்ட காலம் எரிந்த எரிபொருள் கட்டு லேசாக வளைந்தால் விரல் கடைசிச் சில அங்குலம் இறங்காமல் உரசி நின்றுவிடும். 1990-களில் பல உலைகளில் இது நடந்தது. வழிகாட்டுக் குழாயின் சுவரைத் தடிமனாக்கினார்கள். கட்டை மேலிருந்து அழுத்தும் வில்சுருளின் விசையையும் குறைத்தார்கள்.

கேள்வி: போரான் கார்பைடு 2,400 டிகிரி வரை தாங்கும், வைரத்துக்கு அடுத்த வரிசையில் வரும் கடினம். அப்படிப்பட்ட பொருளில் செய்த தண்டைச் சில வருடங்களில் ஏன் மாற்றுகிறார்கள்?

பதில்: ஹீலியம்தான் காரணம். போரான்-10 ஒரு நியூட்ரானை வாங்கியதும் லித்தியம்-7 ஆகவும் ஒரு ஆல்ஃபா துகளாகவும் உடைகிறது. ஆல்ஃபா துகள் இரண்டு எலெக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டால் ஹீலியம் அணு. திடப்பொருளுக்குள் வாயு பிறந்தால் என்ன ஆகும்?

ஒரு கன சென்டிமீட்டர் போரான் கார்பைடின் எடை 2.52 கிராம். அதில் போரான்-10 அணுக்கள் சுமார் 2.2×10²². அவற்றில் பத்தில் ஒரு பங்கு எரிந்தாலே, சாதாரண அழுத்தத்தில் அளந்தால் 80 கன சென்டிமீட்டர் ஹீலியம் உண்டாகியிருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் பொருளுக்குள் எண்பது கன சென்டிமீட்டர் வாயு! ஒரு பகுதி படிகத்துக்குள்ளேயே நுண்குமிழ்களாகத் தங்கி வில்லையை வீங்க வைக்கிறது, விரிசலும் விடுகிறது. மீதி வெளியே வந்து உறைக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. வீங்கிய வில்லை உறையை உள்ளிருந்து நெட்டித் தள்ளும்.

கொதிநீர் உலையில் சிலுவை வடிவத் தகடு இருக்கும். அதற்குள் வரிசையாக எஃகுக் குழாய்கள், குழாய்க்குள் போரான் கார்பைடுத் தூள். தூளை 70 சதவீத அடர்த்திக்குத்தான் நிரப்புவார்கள். மீதி இடம் வாயுவுக்கும் வீக்கத்துக்கும். அப்படியும் கதிர்வீச்சில் நொய்ந்த எஃகில் விரிசல் விழும், தண்ணீர் உள்ளே போகும், தூள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். இதில் ஆபத்து என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் தண்டு முழுதாகத்தான் இருக்கும். 1970-களின் கடைசியில் பழைய தகடுகளை வெட்டிப் பார்த்தபோதுதான், போரான்-10 பாதிக்கு மேல் எரிந்த இடங்களில் தூளே காணாமல் போயிருந்தது தெரிந்தது. அதன் பிறகு தண்டின் உறிஞ்சும் திறன் பத்து சதவீதம் குறைந்தால் மாற்றிவிடுவது என்ற வழக்கம் வந்தது. அதிக நியூட்ரான் படும் நுனியிலும் ஓரத்திலும் ஹாஃப்னியத்தை வைக்கும் வடிவங்களும் வந்தன.

வெள்ளிக் கலவைத் தண்டில் வாயு கிடையாது, வீக்கம் உண்டு. நியூட்ரானை வாங்கிய வெள்ளி காட்மியமாகவும், இண்டியம் வெள்ளீயமாகவும் மாறுகின்றன. கலவையின் பருமன் கூடி, விரலின் நுனியில் உறை நெடுவாக்கில் கீறும். மேலே, நீரோட்டத்தில் விரல் நடுங்கி வழிகாட்டித் தட்டில் உரசி உறை தேயும். எரிபொருள் மாற்றும் நிறுத்தத்தின்போது சுழல் மின்னோட்டச் சோதனையிலும் மீயொலிச் சோதனையிலும் இந்த இரண்டையும் தேடுவார்கள். தேய்மானத்துக்கு மருந்து, உறைக்குக் குரோமிய முலாம் அல்லது நைட்ரஜன் ஏற்றிய கடினத் தோல்.

கேள்வி: ஹாஃப்னியம்?

பதில்: எங்களைக் கேட்டால் தண்டுக்கென்றே பிறந்த உலோகம் என்போம். வாயு இல்லை. ஹாஃப்னியம்-177 ஒரு நியூட்ரானை வாங்கி 178 ஆகும், அதுவும் உறிஞ்சும், 179 ஆகும், அதுவும் உறிஞ்சும். எனவே வருடக்கணக்கில் திறன் அதிகம் குறைவதில்லை. 2,233 டிகிரி வரை உருகாது, வெந்நீரில் உறையே இல்லாமல் நிற்கும். நீர்மூழ்கிக் கப்பல் உலைகளில் இது இடம்பிடித்தது இதனால்தான். குறை: கன சென்டிமீட்டருக்கு 13 கிராம் என்ற எடை, விலை, பிறகு ஹைட்ரஜன் ஆசை. சில அழுத்த நீர் உலைகளில் எஃகு உறைக்குள் போட்டு வைத்தபோது, ஹைட்ரஜன் உறையைக் கடந்து உள்ளே போய் ஹாஃப்னியத்தோடு சேர்ந்து அதை வீங்க வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹாஃப்னியம் கிடைப்பதே சிர்க்கோனியத் தாதுவிலிருந்துதான். நியூட்ரானை விழுங்கவே கூடாத எரிபொருள் உறைக்குச் சிர்க்கோனியம். விழுங்கியே ஆக வேண்டிய தண்டுக்கு ஹாஃப்னியம். இரண்டும் வேதியியலில் இரட்டைப் பிறவிகள். உலைத் தரச் சிர்க்கோனியத்தில் ஹாஃப்னியம் 100 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழே இருக்க வேண்டும். பிரிக்கும் வேலைதான் விலையை ஏற்றுகிறது.

கேள்வி: அழுத்த நீர் உலையில் தண்ணீரிலேயே போரிக் அமிலத்தைக் கரைக்கிறார்களாமே? எவ்வளவு? தண்டு இருக்கும்போது அது எதற்கு?

பதில்: தண்டு இறங்கிய இடத்தில் மட்டும் அணுப்பிளவு குறையும், அதற்கு அடுத்த இடத்தில் கூடும். மாதக்கணக்கில் அப்படி ஓட்டினால் எரிபொருள் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் எரியும். தண்ணீரில் கரைந்த போரான் எல்லா இடத்திலும் ஒரே சீராக உறிஞ்சும். அதனால், மெதுவான மாற்றங்களுக்குப் போரான். வேகமான மாற்றத்துக்கும் நிறுத்தத்துக்கும் தண்டு.

கணக்கைப் பாருங்கள். போரிக் அமிலத்தின் எடையில் 17.5 சதவீதம்தான் போரான். 200 டன் தண்ணீரை 2,000 பி.பி.எம். போரானுக்குக் கொண்டுவர 400 கிலோ போரான் வேண்டும். அதாவது சுமார் 2,290 கிலோ போரிக் அமிலம். புதிய எரிபொருளோடு தொடங்கும்போது பொதுவாக 1,000 முதல் 1,500 பி.பி.எம். எரிபொருள் எரிய எரிய நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 பி.பி.எம். வீதம் குறைத்துக்கொண்டே வருவார்கள். சுற்று, அதாவது ஒரு முறை எரிபொருள் ஏற்றியதிலிருந்து அடுத்த முறை ஏற்றும் வரையான காலம், முடியும்போது கிட்டத்தட்டப் பூச்சியம்.

குறைப்பது எப்படி? போரான் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் வெளியே எடுத்து, அதே அளவு தூய நீரை உள்ளே விடுவார்கள். 1,000 பி.பி.எம்.-இல் 3 பி.பி.எம். இறக்க 200 டன் நீர் உள்ள உலைக்கு 600 லிட்டர் தூய நீர் போதும். 100 பி.பி.எம்.-இல் அதே 3 பி.பி.எம். இறக்க 6 டன் வேண்டும்! வெளியே வரும் கதிரியக்க நீரைச் சுத்திகரிப்பதே பெரும்பாடாகிவிடும். அதனால் சுற்றின் கடைசியில் தண்ணீரை மாற்றுவதை விட்டுவிட்டு, போரானைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே நீரைச் செலுத்துவார்கள்.

எது எது தவறிப் போகலாம்?

தவறுதலாகத் தூய நீர் உள்ளே போனால் ரியாக்டிவிட்டி (தொடர்வினை வளரும் போக்கு) ஏறும். சுற்றோட்டப் பம்புகள் நின்றிருக்கும்போது போனால் இன்னும் மோசம். கலக்காமல் ஒரு கட்டியாக ஓரிடத்தில் தங்கி, பம்பு ஓடியதும் அப்படியே எரிபொருளுக்குள் நுழையும். ஆகவே நிறுத்தத்தின்போது தூய நீர் வால்வுகளை மூடிப் பூட்டுப் போட்டு வைப்பது விதி.

போரான் ஒரு அளவைத் தாண்டினாலும் சிக்கல். சாதாரணமாக, தண்ணீர் சூடாகி விரிந்தால் தணிப்பான் குறைந்து திறன் தானாகவே இறங்கும். தண்ணீரில் போரான் மிகுதியாக இருந்தால், விரியும் தண்ணீரோடு உறிஞ்சியும் வெளியேறிவிடும். அப்போது சூடானால் திறன் ஏறும் என்ற தலைகீழ் நிலை வந்துவிடலாம். ஆகவே இத்தனை பி.பி.எம்.-க்கு மேல் ஓட்டக் கூடாது என்று வரம்பு உண்டு.

பிறகு படிகம். இருப்புத் தொட்டியில் 12 சதவீதக் கரைசல் வைத்திருந்தால் 60 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே அமிலம் படிகமாகப் பிரிந்து குழாயை அடைக்கும். தொட்டி, குழாய், வால்வு எல்லாவற்றுக்கும் சூடேற்றும் கம்பி சுற்ற வேண்டியிருக்கும். 4 சதவீதக் கரைசலாக வைத்தால் அறை வெப்பமே போதும். தொட்டி மட்டும் பெரிதாகும். கம்பி அறுந்தது தெரியாமல் போவதைவிடப் பெரிய தொட்டியே மேல் என்பது எங்கள் கட்சி.

கசிவைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கசியும் இடத்தில் தண்ணீர் ஆவியாகி அமிலம் மட்டும் செறியும். செறிந்த சூடான அமிலம் சாதாரண எஃகைத் தின்னும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸ் உலையில் 2002 மார்ச்சில் கண்டது இதுதான். தண்டு இயக்கிக் குழாய் ஒன்றின் விரிசலில் கசிந்த நீர், அழுத்தக் கலனின் மூடியில் 15 சென்டிமீட்டருக்கும் மேல் தடிமனான எஃகைத் தின்று குழி பறித்திருந்தது. உள்பக்கம் பூசிய துருப்பிடிக்காத எஃகு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன், அதுதான் அத்தனை அழுத்தத்தையும் தாங்கி நின்றது.

அமிலத்தைச் சமன்செய்ய லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பார்கள். கடையில் கிடைக்கும் லித்தியம் ஆகாது. 99.9 சதவீதம் லித்தியம்-7 ஆகப் பிரித்தெடுத்ததே வேண்டும். லித்தியம்-6 இருந்தால் நியூட்ரானை வாங்கி டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஆகும்.

கேள்வி: எரிபொருளுக்குள்ளேயே கடோலினியத்தைக் கலக்கிறார்களாம். உலையை எரிய விடாத பொருளைத் தாங்களே உள்ளே போடுவது என்ன நியாயம்?

பதில்: மேலே சொன்ன போரான் வரம்புக்கு இதுதான் மாற்று. ஒன்றரை வருடம் ஓடுவதற்கான யுரேனியத்தை முதல் நாளே போட வேண்டியிருக்கிறது. அந்த உபரியை முழுக்கப் போரிக் அமிலத்தால் அடக்கினால் வரம்பு மீறும். ஆகவே சில குச்சிகளில் யுரேனியம் ஆக்சைடோடு 2 முதல் 8 சதவீதம் கடோலினியம் ஆக்சைடு சேர்க்கிறார்கள். கடோலினியம்-157 எவ்வளவு வேகமாக விழுங்குகிறதோ அவ்வளவு வேகமாகத் தானும் தீர்ந்துபோகும். ஒரு வருடத்தை ஒட்டிக் காலியாகிவிடும். அதற்குள் எரிபொருளின் உபரியும் குறைந்திருக்கும். எத்தனை குச்சி என்பது ஆரம்பத்தில் எவ்வளவு அடக்க வேண்டும் என்பதையும், எத்தனை சதவீதம் என்பது எவ்வளவு நாள் நீடிக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும்.

விலை உண்டு. கடோலினியம் கலந்த வில்லை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, உருகுநிலையும் குறையும். அதனால் அந்தக் குச்சிகளில் யுரேனியம்-235-இன் செறிவைக் குறைத்தே வைப்பார்கள். கடைசியில் கடோலினியத்தின் மற்ற ஐசோடோப்புகள் மிச்சமாக நின்று கொஞ்சம் நியூட்ரானைத் தின்றுகொண்டே இருக்கும். வில்லையின் மேல் மெல்லிய சிர்க்கோனியம் டைபோரைடு பூசும் முறையில் இந்த மிச்சம் இல்லை. அதற்குப் பதில் ஹீலியம் வந்து குச்சிக்குள் அழுத்தத்தைக் கூட்டும்.

கேள்வி: உலையை நிறுத்தினால் உடனே மறுபடி தொடங்க முடியாது என்கிறார்கள். ஏன்?

பதில்: யாரும் போடாத உறிஞ்சி ஒன்று தானாகவே உண்டாகிறது: செனான்-135. இதன் பரப்பு ஏறத்தாழ 26 லட்சம் பார்ன். பெரும்பகுதி நேரடியாகப் பிறப்பதில்லை; அணுப்பிளவில் வரும் அயோடின்-135 சிதைந்து செனான் ஆகிறது. அயோடினின் அரை ஆயுள் 6.6 மணி, செனானுக்கு 9.1 மணி. உலை ஓடும்போது நியூட்ரான்களே செனானை அழித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அழிப்பவர் இல்லை, அயோடின் மட்டும் செனானைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பத்து, பதினோரு மணி நேரத்தில் உச்சம். உபரி ரியாக்டிவிட்டி குறைந்த சுற்றின் கடைசிக் காலத்தில், எல்லாத் தண்டையும் தூக்கினாலும் அந்த உச்சத்தைத் தாண்ட முடியாமல் போகலாம். ஒன்று, முதல் அரைமணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றரை இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இருந்த பி உலை முதன்முதலில் திறன் ஏற்றப்பட்ட சில மணி நேரத்தில் தானாகவே அடங்கியது இதனால்தான். இயற்பியலாளர்கள் கேட்டது 1,500 எரிபொருள் குழாய்கள். பொறியாளர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று 2,004 துளைத்திருந்தார்கள். மீதியிலும் எரிபொருள் ஏற்றி உலையைக் காப்பாற்றினார்கள்.

கேள்வி: செர்னோபிலில் தண்டுகளை இறக்கியதும் திறன் ஏறியதாகப் படித்தேன். உறிஞ்சி இறங்கினால் எப்படி ஏறும்?

பதில்: முதலில் இறங்கியது உறிஞ்சி அல்ல, கிராஃபைட். அந்த வகை உலையில் தணிப்பது கிராஃபைட். குளிர்விக்கும் தண்ணீர் அங்கே ஒரு உறிஞ்சியாகத்தான் நடந்துகொள்ளும். தண்டை மேலே தூக்கும்போது அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பி நியூட்ரானைத் தின்னக் கூடாது என்று, தண்டின் அடியில் 4.5 மீட்டர் நீளக் கிராஃபைட் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். உலையின் உயரம் 7 மீட்டர். தண்டு முழுக்க மேலே இருக்கும்போது கிராஃபைட் நடுவில் நிற்கும். மேலும் கீழும் 1.25 மீட்டர் தண்ணீர். தண்டு இறங்கத் தொடங்கியதும் கிராஃபைட் அடியில் இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு அங்கே போய் நிற்கும். அடிப்பகுதியில் உறிஞ்சி போய்த் தணிப்பான் வந்ததாக அர்த்தம்.

சில தண்டுகள் மட்டும் மேலே இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. 1986 ஏப்ரல் 26 அன்று, செனானை ஈடுகட்ட ஏறத்தாழ எல்லாத் தண்டுகளையும் தூக்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. முழுக்க இறங்க 18 முதல் 20 வினாடி ஆகும் இயக்கி வேறு. பின்னர் மீதி உலைகளில் அந்த நீர்த்தூணை ஒழித்தார்கள், இறங்கும் நேரத்தை 12 வினாடி ஆக்கினார்கள், நிலையான கூடுதல் உறிஞ்சிகளை உள்ளே வைத்தார்கள், எரிபொருள் செறிவை 2-லிருந்து 2.4 சதவீதமாக உயர்த்தினார்கள்.

கேள்வி: ஒரே ஒரு தண்டை இழுத்தால் விபத்து வருமா?

பதில்: வரக் கூடாது. மிகத் திறன் வாய்ந்த தண்டு ஒன்று முழுக்க மேலே மாட்டிக்கொண்டாலும் மற்றவை உலையை அடக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது இன்று வடிவமைப்பின் அடிப்படை விதி. அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்.எல்.-1 என்ற சிறிய ராணுவ உலையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. மொத்தமே ஐந்து காட்மியத் தண்டுகள். நடுத்தண்டின் பங்கு மிகப் பெரிது. எரிபொருளோடு ஒட்டியிருந்த போரான் பட்டைகள் அரித்து உதிர்ந்ததால் உலையை அடக்கி வைப்பதற்கான கூடுதல் இடைவெளியும் குறைந்திருந்தது. 1961 ஜனவரி 3 அன்று, பராமரிப்பில் 10 சென்டிமீட்டர் தூக்க வேண்டிய அந்தத் தண்டு கையால் சுமார் 50 சென்டிமீட்டர் இழுக்கப்பட்டது. பணியிலிருந்த மூவரும் இறந்தார்கள். ஏன் அவ்வளவு இழுக்கப்பட்டது என்பதற்கு முடிவான விடை இல்லை; தண்டுகள் அதற்கு முன்பே அடிக்கடி சிக்கி வந்தன என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

கேள்வி: ஃபுகுஷிமாவில் எல்லாத் தண்டும் இறங்கியும் எரிபொருள் உருகியதே?

பதில்: தண்டு நிறுத்துவது அணுப்பிளவை மட்டும். ஏற்கெனவே உண்டான பிளவுப் பொருள்களின் சிதைவை எந்த உறிஞ்சியும் நிறுத்தாது. நிறுத்திய நொடியில் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம், ஒரு மணியில் ஏறத்தாழ 1.3 சதவீதம், ஒரு நாளில் அரை சதவீதம் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 3,000 மெகாவாட் வெப்பத்திறன் உலை என்றால் ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போரான் கார்பைடு தனியே 2,400 டிகிரி தாங்கும். ஆனால் அதைச் சுற்றிய எஃகோடு சேர்ந்தால் 1,200 டிகிரியை ஒட்டியே இரண்டும் திரவமாகும். அதாவது எரிபொருளுக்கு முன்பே தண்டு ஒழுகிப் போகும். உறிஞ்சி போன எரிபொருள் மேல் வெறும் தண்ணீரை ஊற்றினால் தொடர்வினை மீண்டும் தொடங்கலாம் என்ற கவலையால்தான் அங்கே ஊற்றிய நீரில் போரிக் அமிலமும் கலந்தார்கள்.

கேள்வி: வேக ஈனுலையில் என்ன உறிஞ்சி?

பதில்: அது வேகமான நியூட்ரான்களாலேயே இயங்கும் உலை; அங்கே நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பதே இல்லை. காட்மியம், கடோலினியம் இரண்டுமே அங்கே செல்லாக்காசு. 1 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டில் போரான்-10-இன் பரப்பும் 2 பார்ன் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே போரான்-10-ஐத் தேவைக்கேற்ப 90 சதவீதம் வரை செறிவூட்டி, அதில் செய்த போரான் கார்பைடைப் போடுகிறார்கள். பரப்பு சிறிது என்பதால் நியூட்ரான் வில்லையின் நடுவரை போகும். தோல் மட்டும் எரியாமல் முழு வில்லையும் சீராக வேலை செய்யும். ஹீலியம் தொல்லை மட்டும் இரட்டிப்பு.

கேள்வி: கழற்றிய தண்டு கதிரியக்கமாக இருக்குமா?

பதில்: போரானிலிருந்து வரும் ஹீலியமும் லித்தியம்-7-உம் நிலையானவை. கூடவே சிறிதளவு டிரிட்டியம். ஆபத்து உறையிலிருந்து: எஃகில் உண்டாகும் கோபால்ட்-60, அரை ஆயுள் 5.3 வருடம். வெள்ளிக் கலவையில் வெள்ளி-110எம், 250 நாள், கடுமையான காமா. யூரோப்பியம் நல்ல உறிஞ்சியாக இருந்தும் பரவாததற்கு, அதில் உண்டாகும் 152, 154 ஐசோடோப்புகள் வருடக்கணக்கில் காமா வீசுவது ஒரு காரணம். கழற்றிய தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்குவதே இல்லை. குளத்துக்குள்ளேயே நகர்த்தி, வெட்டுவதும் நீருக்கடியில்தான்.

கேள்வி: ஒரு தண்டு எவ்வளவு அடக்கும் என்பதை ஓடும் உலையில் எப்படி அளக்கிறார்கள்?

பதில்: புதிய எரிபொருள் ஏற்றிய ஒவ்வொரு முறையும், வெப்பம் உண்டாகாத அளவு சிறிய திறனில் அளப்பார்கள். உலையைச் சரியாகக் கிரிட்டிகலில் (தொடர்வினை கூடாமலும் குறையாமலும் நீடிக்கும் நிலை) வைத்துத் தண்டைக் கொஞ்சம் தூக்க வேண்டும். முதலில் ஒரு துள்ளல் வரும். அதை எண்ணக் கூடாது. ஓரிரு நிமிடம் விட்டு, ஏற்றம் சீரான பிறகு திறன் இரட்டிப்பாக எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். யுரேனியம்-235 எரியும் உலையில் 42 வினாடியில் இரட்டித்தால், தூக்கிய அந்தத் துண்டின் மதிப்பு ரியாக்டிவிட்டியில் ஏறத்தாழ 0.09 சதவீதம். பிறகு போரானைச் சற்றுக் கூட்டியோ வேறு தண்டை இறக்கியோ சமன்செய்து, அடுத்த துண்டு. வரைபடத்தில் போட்டால் இரு முனைகளிலும் படுத்து நடுவில் செங்குத்தாக ஏறும் வளைவு கிடைக்கும். நடுவில் நியூட்ரான் அடர்த்தி அதிகம். அங்கே ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவது முனையில் பல சென்டிமீட்டருக்குச் சமம்.

அளந்தது முன்கூட்டிய கணக்கோடு பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் திறன் ஏற்ற மாட்டார்கள். எரிபொருள் கட்டு இடம் மாறிவிட்டதா, போரான் மாதிரி எடுத்ததில் பிழையா, விரல் ஏதும் ஒடிந்து கீழே தங்கிவிட்டதா என்று அந்த வரிசையில் தேடத் தொடங்குவார்கள்.